ஜாவா அப்ளிகேஷனை அப்பல்லோ கான்ஃபிக் சர்வரோடு இணைப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

ஒரு டைம்அவுட் மதிப்பை 3 விநாடியிலிருந்து 5 விநாடியாக்க, முழு அப்ளிகேஷனையும் மறுபடி பில்ட் செய்து, டிப்ளாய் செய்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. கான்ஃபிக்கை எல்லாம் ஒரே சர்வரில் வைத்துவிட்டு, அங்கே மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனிலும் மாறும்படி செய்ய நிறையக் கருவிகள் உண்டு. அவற்றில் சீட்ரிப் நிறுவனம் உருவாக்கி 2016-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட அப்பல்லோவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் வேலையில் பயன்படுத்துவது அதுதான்.

அப்பல்லோவின் ஆவணங்கள் விரிவானவை, நல்லவை. ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கும். ஒரு சின்னப் பிரச்சினைக்கான பதில் சர்வர் நிறுவும் பக்கத்தில் இருக்கும். நாமோ கிளையன்ட் பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம். நான் அப்படி அலைந்து சேர்த்ததைத்தான் செய்ய வேண்டிய வரிசையில் தருகிறேன்.

ஒரு விஷயம். கீழே வரும் கான்ஃபிக் பெயர்கள், அனோட்டேஷன் பெயர்கள் எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். புள்ளி இருக்கும் இடத்தில் புள்ளி, ஹைஃபன் இருக்கும் இடத்தில் ஹைஃபன் என்று அப்படியே போடுங்கள்.

1. நிரலின் கோடைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இணைப்பதற்கான கோடு சில வரிகள்தான். நேரம் போவது விவரங்களைச் சேகரிப்பதிலும் அனுமதி வாங்குவதிலும். அதனால் ஐடிஇ-யைத் திறப்பதற்கு முன் கீழே உள்ளவற்றை உங்கள் பிளாட்ஃபார்ம் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆப் ஐடி: உங்கள் அப்ளிகேஷனின் அடையாளம். போர்ட்டலில் (கான்ஃபிக்கை மாற்ற உலாவியில் திறக்கும் பக்கம்) பதிவானது எப்படியோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும்.

மெட்டா முகவரி: அப்ளிகேஷன் முதலில் போய்க் கதவைத் தட்டும் இடம். ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனி முகவரி இருக்கும். வழக்கமாக போர்ட் 8080.

சூழலின் பெயர்: அப்பல்லோவில் டெவ், ஃபாட், யுஏடி, ப்ரோ என்று நான்கு வழக்கமான பெயர்கள். ஃபாட் என்பது சோதனைக் குழுவின் சூழல். ப்ரோ என்பதுதான் ப்ரொடக்‌ஷன். ‘ப்ராட்’ என்று பழகியவர்கள் கவனமாக இருங்கள்.

கிளஸ்டர்: ஒரே சூழலுக்குள் அப்ளிகேஷன் ஓடும் கணினிகளின் குழு. யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் ‘டிஃபால்ட்’.

நேம்ஸ்பேஸ்கள்: கான்ஃபிக்கைப் பிரித்து வைக்கும் கோப்புகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘அப்ளிகேஷன்’ என்ற பெயரில் ஒன்று தானாகவே இருக்கும். பல அப்ளிகேஷன்கள் பகிரும் பொது நேம்ஸ்பேஸ் ஏதாவது உங்களுக்குத் தேவையா என்றும் கேளுங்கள்.

ஆக்சஸ் கீ: கான்ஃபிக்கைப் படிக்க அப்ளிகேஷன் காட்ட வேண்டிய ரகசியச் சாவி. உங்கள் ஆப் ஐடிக்கு அது இயக்கப்பட்டிருக்கிறதா, இருந்தால் அதன் ரகசியச் சரம் என்ன?

போர்ட்டல் உரிமை: இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். திருத்தும் உரிமை வேறு, பப்ளிஷ் செய்யும் உரிமை வேறு. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் வாங்கி வந்தால் மறுபடியும் டிக்கெட் போட வேண்டும்.

ஃபயர்வால் அனுமதி: உங்கள் அப்ளிகேஷன் ஓடும் கணினிகளிலிருந்து கான்ஃபிக் சர்வீஸ் கணினிகள் ஒவ்வொன்றின் போர்ட்டுக்கும் வழி வேண்டும். லோடு பேலன்சர் முகவரிக்கு மட்டும் கேட்டால் போதாது. ஏன் என்று 6-ஆம் படியில் சொல்கிறேன். பெரிய நிறுவனங்களில் மற்ற எல்லாவற்றையும்விட இழுப்பது இதுதான். முதல் நாளே கோரிக்கையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

2. சர்வரே இல்லை என்றால்

உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே அப்பல்லோ ஓடுகிறது என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம்.

மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, அப்பாச்சி 2.0 உரிமம். செலவெல்லாம் கணினிகளுக்கும் டேட்டாபேஸுக்கும், அதைக் கவனித்துக்கொள்ளும் ஆளின் நேரத்துக்கும்தான். ஓட வேண்டிய சர்வீஸ்கள் மூன்று. கான்ஃபிக் சர்வீஸ் 8080 போர்ட்டில் ஓடும். அப்ளிகேஷன்கள் பேசுவது இதோடு. அட்மின் சர்வீஸ் 8090-ல். நாம் உலாவியில் திறக்கும் போர்ட்டல் 8070-ல். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல், 5.6.5 அல்லது அதற்கு மேல். போர்ட்டலுக்கு ஒரு டேட்டாபேஸ் மொத்தமாகப் போதும். ஆனால் கான்ஃபிக்குக்கு ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு டேட்டாபேஸ், அதோடு ஒரு கான்ஃபிக் சர்வீஸும் ஒரு அட்மின் சர்வீஸும் தனியாக வேண்டும். நான்கு சூழல் என்று திட்டமிடுபவர்கள் செலவுக் கணக்கைப் போடும்போது இந்தப் பெருக்கலை மறந்துவிடக் கூடாது. சின்னக் குழு என்றால் டெவ், ப்ரோ இரண்டோடு தொடங்குவதே என் பரிந்துரை. ப்ரோவில் மட்டும் கான்ஃபிக் சர்வீஸ் குறைந்தது இரண்டு கணினிகளில் ஓடட்டும்.

பழகிப் பார்க்க இவ்வளவும் வேண்டாம். மூன்று சர்வீஸையும் ஒன்றாகக் கட்டிய ‘குவிக் ஸ்டார்ட்’ பொதி இருக்கிறது. உங்கள் மடிக்கணினியிலேயே ஓடும். முதல் நுழைவுக்குப் பயனர் பெயர் ‘அப்பல்லோ’, பாஸ்வேர்டு ‘அட்மின்’. இதே இரண்டையும் ப்ரொடக்‌ஷனிலும் மாற்றாமல் விட்டுவைக்கும் இடங்கள் உண்டு. போர்ட்டலுக்குள் நுழையும் யாரும் உங்கள் எல்லா அப்ளிகேஷன்களின் நடத்தையையும் மாற்ற முடியும் என்பதால், நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் பாஸ்வேர்டை மாற்றுவது.

நீங்களே நிறுவினால் இன்னொன்றும் உண்டு. கான்ஃபிக் டேட்டாபேஸில் ‘சர்வர்கான்ஃபிக்’ என்ற அட்டவணையில் ‘யுரேகா.சர்வீஸ்.யூஆர்எல்’ என்ற வரி இருக்கும் (யுரேகா என்பது சர்வீஸ்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ளும் பதிவேடு). அதில் இருப்பது லோக்கல்ஹோஸ்ட் முகவரி. ஒரே கணினியில் எல்லாம் ஓடும் வரை பிரச்சினை தெரியாது. இரண்டாவது கணினி வந்ததும் சர்வீஸ்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அந்த வரியில் எல்லாக் கான்ஃபிக் சர்வீஸ் முகவரிகளையும் காற்புள்ளி போட்டு எழுதிவிடுங்கள்.

3. போர்ட்டலில் பதிவு, அப்புறம் பப்ளிஷ்

போர்ட்டலில் புதிய ப்ராஜெக்ட் உருவாக்கும்போது துறை, ஆப் ஐடி, பெயர், பொறுப்பாளர் ஆகியவற்றைக் கேட்கும். ஆப் ஐடியைப் பின்னால் மாற்ற வழி இல்லை என்றே எண்ணிக்கொண்டு, நிதானமாகப் பெயர் வையுங்கள். கிட் ரெப்பாசிட்டரியின் பெயரையே வைப்பது நல்ல பழக்கம்.

உருவாக்கியதும் ‘அப்ளிகேஷன்’ நேம்ஸ்பேஸ் தயாராக இருக்கும். சோதனைக்கு ‘டைம்அவுட்’ என்று ஒரு கீ, மதிப்பு 100 என்று சேருங்கள். சேமித்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சேமித்தது இன்னும் வரைவுதான். பப்ளிஷ் பொத்தானை அழுத்தினால்தான் அப்ளிகேஷன்களுக்குப் போகும். ஒருமுறைகூட பப்ளிஷ் செய்யாத நேம்ஸ்பேஸை அப்ளிகேஷன் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று 404 வரும். நேம்ஸ்பேஸ் கண் முன்னால் போர்ட்டலில் இருக்கும், உள்ளே மதிப்பும் இருக்கும், ஆனாலும் 404. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

மதிப்புகளின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. கீ 128 எழுத்து, மதிப்பு 20,000 எழுத்து என்பது தொடக்க வரம்பு. சர்வரில் மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் ஒரு மதிப்பு அவ்வளவு நீளம் என்றால் அது கான்ஃபிக்கே இல்லை, தரவு. அதன் இடம் டேட்டாபேஸ்.

4. கிளையன்ட் நூலகம்

மேவன் அல்லது கிரேடிலில் ‘அப்பல்லோ-கிளையன்ட்’ என்ற ஒரே டிபென்டென்சியைச் சேர்த்தால் போதும். ஜாவா 8 அல்லது அதற்கு மேல் என்றால் 2-ஆம் வரிசைப் பதிப்பு. இன்னும் ஜாவா 7-ல் இருக்கும் பழைய அப்ளிகேஷன் என்றால் 1.9.1 போன்ற 1-ஆம் வரிசைப் பதிப்பில் நிற்க வேண்டும். இந்த நூலகம் கூகுளின் குவாவாவைப் பயன்படுத்துகிறது. உங்கள் ப்ராஜெக்டில் ஏற்கெனவே மிகப் பழைய குவாவா பதிப்பு வேறு வழியாக வந்து ஒட்டியிருந்தால், மெத்தடே இல்லை என்ற பிழையோடு அப்ளிகேஷன் தொடக்கத்திலேயே விழும். 20-க்குக் கீழே இருக்கிறதா என்று டிபென்டென்சி மரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. நீ யார், எங்கே போக வேண்டும் என்று சொல்லுதல்

ஸ்ப்ரிங் பூட் அப்ளிகேஷன் என்றால் அதன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் இந்த நான்கு வரிகள்:

ஆப்.ஐடி = உங்கள் ஆப் ஐடி
அப்பல்லோ.மெட்டா = மெட்டா முகவரி, போர்ட்டோடு
அப்பல்லோ.பூட்ஸ்ட்ராப்.எனேபிள்ட் = ட்ரூ
அப்பல்லோ.பூட்ஸ்ட்ராப்.நேம்ஸ்பேஸஸ் = அப்ளிகேஷன்

மூன்றாவது வரியை விட்டுவிட்டு, எனேபிள்அப்பல்லோகான்ஃபிக் என்ற அனோட்டேஷனை மட்டும் போட்டும் ஓட்டலாம். ஆனால் ஸ்ப்ரிங் பூட்டில் ஒரு பீன் (ஸ்ப்ரிங் உருவாக்கி நிர்வகிக்கும் பொருள்) உருவாக வேண்டுமா வேண்டாமா என்பதையே சில கான்ஃபிக் மதிப்புகள் முடிவு செய்கின்றன. அனோட்டேஷன் வழியாக வரும் மதிப்புகள் அந்த முடிவுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். பூட்ஸ்ட்ராப் வரி இருந்தால் முன்கூட்டியே வந்துவிடும். அதனால் ஸ்ப்ரிங் பூட்டில் எப்போதும் பூட்ஸ்ட்ராப் வரியையே போடுங்கள்.

நான்காவது வரியில் பல நேம்ஸ்பேஸ்களைக் காற்புள்ளியிட்டு எழுதலாம். ஒரே கீ இரண்டில் இருந்தால் முதலில் எழுதியதே வெல்லும். யாமல், ஜேசான் போன்ற வடிவத்தில் உள்ள நேம்ஸ்பேஸ் என்றால் பெயரோடு பின்னொட்டையும் சேர்த்து, ‘அப்ளிகேஷன்.யாமல்’ என்பதுபோல எழுத வேண்டும். பின்னொட்டு என்னவென்று போர்ட்டலில் பார்த்து அதையே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் ப்ராப்பர்ட்டீஸ் வடிவம் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத ஒன்றைத் தேடும்.

மெட்டா முகவரியைக் கோப்பில் எழுதிவிட்டால் ஒரே ஜார் எல்லாச் சூழலிலும் ஓடாதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கோப்பில் ஆப் ஐடியை மட்டும் வைத்துவிட்டு, முகவரியை வெளியிலிருந்து கொடுப்பதே நல்லது. ஜாவா கட்டளையில் டி-பண்பாக, அதாவது ஹைஃபனும் பெரிய ‘டி’ எழுத்தும் முன்னால் வைத்து எழுதும் அமைப்பாகக் கொடுக்கலாம். அப்பல்லோ_மெட்டா என்று பெரிய எழுத்தில் சூழல் மாறியாகக் கொடுக்கலாம். டாக்கரில் இதுதான் வசதி. சொந்தக் கணினிகளில் ஓட்டுபவர்கள், லினக்ஸில் ‘ஓப்ட்’ அடைவுக்குள் ‘செட்டிங்ஸ்’ அடைவில் ‘சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற கோப்பை வைத்து அதில் முகவரியையும் சூழலின் பெயரையும் எழுதிவிடலாம். அந்தக் கணினியில் ஓடும் எல்லா அப்ளிகேஷன்களுக்கும் அது பொருந்தும்.

இரண்டு மூன்று இடங்களில் கொடுத்தால் எது வெல்லும்? டி-பண்புதான் எல்லாவற்றுக்கும் மேலே. மெட்டா முகவரியைப் பொறுத்தவரை அப்பல்லோ ஆவணம் சொல்லும் வரிசையில் அதற்கடுத்து ஸ்ப்ரிங் பூட் கோப்பு, பிறகு சூழல் மாறி, பிறகு சர்வர் கோப்பு. ஆப் ஐடிக்கோ சூழல் மாறி ஸ்ப்ரிங் பூட் கோப்பை முந்திவிடும். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங் பூட் கோப்பில் டெவ் முகவரியை மறந்து விட்டுவைத்து, டாக்கரில் ப்ரோ முகவரியைச் சூழல் மாறியாகக் கொடுத்தால், அப்ளிகேஷன் டெவ்வுக்கே போய்விடலாம்.

6. முதல் ஓட்டம்: லாக் சொல்வதைக் கேளுங்கள்

3-ஆம் படியில் சேர்த்த ‘டைம்அவுட்’ கீயை, வேல்யூ அனோட்டேஷன் போட்ட ஒரு ஃபீல்டில் படித்து லாகில் எழுதும்படி செய்து, ஓட்டிப் பாருங்கள். நூறு என்ற மதிப்பு வந்துவிட்டால் 7-க்குப் போகலாம். வரவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில், அப்ளிகேஷன் தொடங்கிவிட்டது என்பதை வைத்து இணைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அப்பல்லோ கிளையன்ட் சர்வரை எட்ட முடியாவிட்டாலும் அப்ளிகேஷனை நிறுத்தாது. கையில் பழைய கேச் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கோடில் எழுதிய டிஃபால்ட் மதிப்போடு ஓடும். சர்வர் விழுந்தாலும் அப்ளிகேஷன் விழக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிதாக இணைக்கும்போது தவறு வெளியே தெரியாமல் மறைந்துவிடும். அதனால் சோதனைக் கீக்குக் கோடில் டிஃபால்ட் மதிப்பே கொடுக்காதீர்கள். மதிப்பு வராவிட்டால் ஸ்ப்ரிங் உடனே கத்தும். அதுதான் நமக்கு வேண்டும்.

லாகில் நீங்கள் கொடுக்காத ‘அப்பல்லோ.மெட்டா’ என்ற பெயரையே ஒரு வலை முகவரியாக வைத்துத் தேடுகிறதா? அப்படியானால் நீங்கள் கொடுத்த முகவரி கிளையன்ட் கண்ணில் படவே இல்லை. எந்த இடத்திலும் முகவரி கிடைக்காதபோது அது இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். கீயின் எழுத்துப்பிழையைப் பாருங்கள், கோப்பு ஜாருக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

மெட்டா முகவரி சரி, உலாவியில் திறக்கிறது, ஆனால் அப்ளிகேஷன் டைம்அவுட் ஆகிறது. எல்லாரையும் அதிக நேரம் சுற்றவைப்பது இதுதான். நடப்பது இது: கிளையன்ட் மெட்டா முகவரியில் கான்ஃபிக்கைக் கேட்பதில்லை. ‘கான்ஃபிக் சர்வீஸ்கள் எங்கெங்கே ஓடுகின்றன’ என்று ஒரு பட்டியலைத்தான் கேட்கிறது. பட்டியலில் வரும் ஐபி முகவரிக்கு நேரடியாகப் போய்ப் பேசுகிறது. கான்ஃபிக் சர்வீஸ் டாக்கருக்குள் ஓடினால், அது தன்னைப் பதிவு செய்வது 172-ல் தொடங்கும் டாக்கரின் உள் ஐபியோடு. அந்த ஐபி உங்கள் கணினிக்கு எட்டாது. லோடு பேலன்சருக்கு மட்டும் ஃபயர்வால் திறந்திருந்தாலும் இதே கதை.

இதைச் சோதிக்க, மெட்டா முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ‘சர்வீசஸ்’, இன்னொரு சாய்கோடு, ‘கான்ஃபிக்’ என்று சேர்த்து உலாவியில் திறங்கள். ஜேசானில் ஒரு பட்டியல் வரும். அதில் ‘ஹோம்பேஜ்யூஆர்எல்’ என்று இருக்கும் முகவரியை, உங்கள் அப்ளிகேஷன் ஓடும் அதே கணினியிலிருந்து கர்ல் கட்டளையால் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. சரியான தீர்வு சர்வர் பக்கம்: கான்ஃபிக் சர்வீஸ் வெளியே எட்டக்கூடிய முகவரியோடு பதிவாகும்படி அதன் யுரேகா அமைப்பில் ஐபியைக் குறிப்பிடுவது. சர்வர் உங்கள் கையில் இல்லை என்றால், கிளையன்டில் ‘அப்பல்லோ.கான்ஃபிக்-சர்வீஸ்’ என்ற டி-பண்பில் நேரடி முகவரியைக் கொடுத்து, பட்டியல் கேட்கும் வேலையைத் தாண்டிவிடலாம். மேம்பாட்டுக் கணினிக்கு அது போதும். ப்ரொடக்‌ஷனில் அப்படிச் செய்தால், அந்த முகவரி ஒரே ஒரு கணினியைக் காட்டும்போது, அந்தக் கணினி போனால் எல்லாம் போனதுதான்.

404 வந்தால் ஆப் ஐடி, கிளஸ்டர், நேம்ஸ்பேஸ் மூன்றையும் லாகில் சொல்லும், போர்ட்டலோடு ஒப்பிடுங்கள். மூன்றும் சரி என்றால் பப்ளிஷ் செய்யவில்லை.

401 வந்தால் ஆக்சஸ் கீ. சாவி சரியாக இருந்தும் 401 வருகிறதா? கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். கிளையன்ட் அனுப்பும் கையொப்பத்தில் நேரமும் சேர்ந்திருக்கும். சர்வரின் நேரத்தோடு 1 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் ஏற்காது. நேர ஒத்திசைவு ஓடாத விர்ச்சுவல் கணினிகளில் இது நடக்கும்.

7. ‘தானாக மாறும்’ என்பதற்கு என்ன அர்த்தம்

இணைந்துவிட்டது. போர்ட்டலில் 100-ஐ 200 ஆக்கி பப்ளிஷ் செய்யுங்கள். ஓரிரு விநாடியில் அப்ளிகேஷனில் 200 தெரிய வேண்டும். கிளையன்ட் ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். சர்வர் அதை 60 விநாடி வரை பிடித்து வைத்திருந்து, மாற்றம் வந்ததும் பதில் சொல்லும். புதிய பப்ளிஷ் இருக்கிறதா என்று கான்ஃபிக் சர்வீஸ் ஒவ்வொரு விநாடியும் டேட்டாபேஸைப் பார்க்கிறது. இந்த வழி எப்படியாவது தவறிப்போனாலும், கிளையன்ட் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானே போய்க் கேட்டுக்கொள்ளும்.

கிளையன்டுக்கும் சர்வருக்கும் நடுவில் எஞ்சின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி சர்வர் இருந்தால் ஒரு கண்ணி. அதன் ரீடு டைம்அவுட்டும் தொடக்கத்தில் 60 விநாடிதான். சர்வர் பிடித்து வைத்திருக்கும் நேரமும் அதுவும் மோதி, 504 பிழைகள் லாகில் நிறையும். அதை 90 விநாடிக்கு உயர்த்துங்கள். இந்தப் பிழைகள் தொடரும்போது கிளையன்ட் மறுபடி முயல்வதற்கான இடைவெளியை 1 விநாடியிலிருந்து இரட்டித்துக்கொண்டே 120 விநாடி வரை கொண்டுபோகும். ‘சில நேரம் உடனே மாறுகிறது, சில நேரம் ரொம்ப தாமதம்’ என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

இனி முக்கியமான பகுதி. சர்வரிலிருந்து புதிய மதிப்பு வந்து சேர்வது ஒன்று. உங்கள் கோடு அந்தப் புதிய மதிப்பைப் பயன்படுத்துவது வேறொன்று. முதலாவதை அப்பல்லோ பார்த்துக்கொள்ளும். இரண்டாவது உங்கள் பொறுப்பு.

வேல்யூ அனோட்டேஷன் போட்ட சாதாரண ஃபீல்டு தானாக மாறும். ஸ்டாட்டிக் ஃபீல்டு மாறாது. கான்ஃபிகரேஷன்ப்ராப்பர்ட்டீஸ் அனோட்டேஷன் போட்ட கிளாஸ் தானாக மாறாது. அதற்கு ரெஃப்ரெஷ்ஸ்கோப் போட்டு, மாற்றம் வரும்போது அந்த பீனை நீங்களே ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும், அல்லது ஸ்ப்ரிங் கிளவுடின் என்விரான்மென்ட்சேஞ்ச்இவென்ட்டை அனுப்ப வேண்டும். பல ப்ராஜெக்ட்களில் கான்ஃபிக்கெல்லாம் இந்த வகைக் கிளாஸ்களில்தான் இருக்கும். ‘இணைத்தாயிற்று, ஆனால் எதுவும் மாறவில்லை’ என்ற புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

மாற்றத்தைக் கேட்க, ஒரு மெத்தடுக்கு அப்பல்லோகான்ஃபிக்சேஞ்ச்லிஸனர் அனோட்டேஷனைப் போட வேண்டும். எந்த நேம்ஸ்பேஸ் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது ‘அப்ளிகேஷன்’ ஒன்றை மட்டுமே கேட்கும். வேறு நேம்ஸ்பேஸில் கீ இருந்தால் மெத்தட் அழைக்கப்படவே மாட்டாது, பிழையும் வராது.

அடுத்தது, தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் மதிப்பைப் படித்து உருவாகும் பொருள்கள். த்ரெட் பூல் உருவாகும்போது 10 என்று படித்தது. ஃபீல்டு இப்போது 20 ஆகிவிட்டது. பூல் 10-லேயே நிற்கும். லிஸனரில் நீங்களே பூலின் அளவை மாற்ற வேண்டும். ஜாவா 9 முதல் இதில் வரிசை முக்கியம்: கூட்டும்போது முதலில் அதிகபட்ச அளவு, பிறகு அடிப்படை அளவு, குறைக்கும்போது தலைகீழாக. மாற்றிச் செய்தால் எக்ஸெப்ஷன். ஹிகாரி கனெக்‌ஷன் பூலின் அதிகபட்ச அளவையும் இப்படி ஓடும்போதே மாற்றலாம். ஆனால் டேட்டாபேஸ் முகவரியை ஓடும்போதே மாற்றும் ஆசை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழைய பூலில் நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனைகளை ஒழுங்காக முடித்து மூடுவது தனி வேலை. அதற்கு ரீஸ்டார்ட் செய்வதே பாதுகாப்பு.

லாக் அளவை மாற்றவும் லிஸனரில் ஸ்ப்ரிங்கின் லாகிங்சிஸ்டத்தை அழைக்க வேண்டும். லாக் அமைப்புகளே தொடக்கத்தில் அப்பல்லோவிலிருந்து வர வேண்டும் என்றால் ‘அப்பல்லோ.பூட்ஸ்ட்ராப்.ஈகர்லோடு.எனேபிள்ட்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். அப்படிச் செய்தால் லாக் தயாராகும் முன்பே அப்பல்லோ ஓடிவிடும். அதன் தொடக்கப் பிழைகள் லாகில் தெரியாமல் போகலாம். எனவே முதல் இணைப்பு வெற்றியான பிறகே இதை இயக்குங்கள்.

இன்னொன்று: அப்பல்லோவில் ஒரு கீ இருந்தால், அதே கீயை டி-பண்பாகக் கட்டளையில் கொடுத்தாலும் தொடக்க நிலையில் அப்பல்லோவின் மதிப்பே வெல்லும். சர்வர் போர்ட்டைக் கட்டளையில் மாற்றியும் மாறவில்லை என்றால் காரணம் இதுதான்.

8. கேச் கோப்பு எழுத இடம் வேண்டும்

கிளையன்ட் தான் பெற்ற கான்ஃபிக்கை டிஸ்கிலும் எழுதி வைக்கும். லினக்ஸில் ‘ஓப்ட்’, ‘டேட்டா’, ஆப் ஐடி, ‘கான்ஃபிக்-கேச்’ என்ற அடைவு வரிசை. அப்ளிகேஷன் ஓடும் பயனருக்கு அங்கே எழுத உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் அப்ளிகேஷன் ஓடும். லாகில் எச்சரிக்கை மட்டும் வரும். சர்வர் எட்டாத ஒரு நாளில் ரீஸ்டார்ட் ஆனால்தான் வினை. ‘அப்பல்லோ.கேச்-டிர்’ மூலம் வேறு அடைவைக் காட்டலாம். குபெர்னெட்டீஸில் பாட் (அப்ளிகேஷன் ஓடும் கன்டெய்னர்) போனால் அதன் டிஸ்கும் போகும். நிலையான வால்யூமை இணைத்தால்தான் கேச்சுக்குப் பயன் உண்டு.

விமானத்திலோ ரயிலிலோ வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேச் ஒரு வசதி. சூழலின் பெயரை ‘லோக்கல்’ என்று வைத்தால் சர்வருக்கே போகாது, இந்தக் கோப்பை மட்டும் படிக்கும்.

9. பாஸ்வேர்டுகளை அப்படியே வைக்காதீர்கள்

ஆக்சஸ் கீ இயக்காத ஆப் ஐடியின் கான்ஃபிக்கை, கான்ஃபிக் சர்வீஸை எட்டக்கூடிய யாரும் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டி முழுமையாகப் படிக்க முடியும். நுழைவுப் பெயர் எதுவும் கேட்காது. போர்ட்டலில் ‘யார் பார்க்கலாம்’ என்று நீங்கள் கட்டுப்படுத்துவது போர்ட்டலுக்கு மட்டும்தான். ஆகவே ப்ரோவில் ஆக்சஸ் கீ கட்டாயம். இயக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் சாவியை உருவாக்கி, எல்லா அப்ளிகேஷன் கணினிகளிலும் கொண்டுபோய்ச் சேர்த்து, கடைசியில் போர்ட்டலில் இயக்குங்கள். முதலிலேயே இயக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன்களுக்கு அந்தக் கணமே 401. சாவியைக் கோடோடு கிட்டில் சேர்க்க வேண்டாம். சூழல் மாறியாகக் கொடுங்கள். 1.6.0-க்கு முந்தைய கிளையன்ட் பதிப்புக்கு ஆக்சஸ் கீ தெரியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பல்லோ மதிப்புகளை மறையாக்கம் செய்வதில்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போன்றவற்றை ஜாஸிப்ட் என்ற ஜாவா நூலகம் கொண்டு மறையாக்கி வைக்கலாம், அல்லது ரகசியங்களுக்கென்றே உள்ள வேறு சர்வரில் வைக்கலாம். கேச் கோப்பிலும் எல்லாம் அப்படியே எழுதப்படும் என்பதை நினைத்தால் இது ஏன் அவசியம் என்று புரியும்.

10. ப்ரோவில் பப்ளிஷ் செய்யும் நாள்

ஒரு மதிப்பை மாற்றினால் சில விநாடிகளில் எல்லாக் கணினிகளிலும் மாறிவிடும். தவறான மதிப்புக்கும் அதே வேகம்தான். கோடு டிப்ளாய் செய்யும்போது இருக்கும் சோதனை, ஒப்புதல் எதுவும் இங்கே தானாக வராது. நாம்தான் வைக்க வேண்டும்.

‘நேம்ஸ்பேஸ்.லாக்.ஸ்விட்ச்’ என்ற அமைப்பைப் ப்ரோவின் சர்வர்கான்ஃபிக் அட்டவணையில் இயக்கச் சொல்லுங்கள். இயக்கினால் திருத்தியவரே பப்ளிஷ் செய்ய முடியாது. இன்னொருவர் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். இரவில் தனியாக ஆன்கால் பார்ப்பவருக்கு இது இடைஞ்சல்தான். இரண்டாவது ஆள் யார் என்று முன்னாலேயே பட்டியலில் எழுதி வைத்துவிட்டால் சமாளிக்கலாம்.

கிரே ரிலீஸைப் பயன்படுத்துங்கள். ஒன்றிரண்டு கணினிகளின் ஐபியைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு மட்டும் புதிய மதிப்பை அனுப்பி, லாகையும் அளவீடுகளையும் பார்த்துவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் விரிக்கலாம். குபெர்னெட்டீஸில் ஐபி நிலையாக இருக்காது. அங்கே லேபிள் வழியாகத் தேர்ந்தெடுங்கள், 2-ஆம் வரிசைப் பதிப்புகளில் அந்த வசதி உண்டு.

தவறு நடந்துவிட்டால் ரோல்பேக் பொத்தான் இருக்கிறது. முந்தைய பப்ளிஷுக்கு உடனே திரும்பும். ஆனால் அது அப்ளிகேஷன்களுக்குப் போகும் மதிப்பை மட்டும்தான் பின்னால் கொண்டுபோகிறது. போர்ட்டல் திரையில் திருத்தும் இடத்தில் தவறான மதிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். மறுநாள் வேறொருவர், சம்பந்தமே இல்லாத இன்னொரு கீயை மாற்றிப் பப்ளிஷ் செய்தால், முந்தைய நாளின் தவறும் சேர்ந்து போய்விடும். எனவே ரோல்பேக் செய்த கையோடு திருத்தும் இடத்திலும் மதிப்பைப் பழையபடி மாற்றி, மறுபடி ஒருமுறை பப்ளிஷ் செய்துவிட்டு, பப்ளிஷ் வரலாற்றில் கடைசி வரியைத் திறந்து சரிபாருங்கள்.